தேவை முடிந்தது

கரகண்டாவில் ஒன்பதாம் மாடி.
அக்டோபர் பதினைந்து, காலை ஆறு மணிக்கு
நகரத்தின் எல்லாக் குழாய்களிலும் சூடு ஏறும்.
யாரும் திறக்க வேண்டியதில்லை.
திட்டம் திறக்கும்.

அதற்கு வேறு பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை.
திட்டம் என்கிறோம்,
மழை என்பதுபோல.

எவ்வளவு எஃகு, எத்தனை பொத்தான்,
பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு எத்தனை பால்புட்டி,
அதுவே கேட்டு, அதுவே கூட்டி, அதுவே அனுப்பும்.
ஒத்துவராத கணக்கு மட்டும் என் மேசைக்கு வரும்.
முன்பு இந்தத் தளத்தில் அறுநூறு பேர்.
இப்போது நான்கு பேரும் ஒரு கெட்டிலும்.

குறை சொல்லவில்லை.
என் அப்பா ஒரு வாளி பெயின்டுக்குப்
பதினோரு மாதம் காத்திருந்து
கப்பல் அடிவயிற்றுக்குப் பூசும் சிவப்பைச்
சமையலறைக்கு அடித்தவர்.
நான் கேட்ட பச்சை வியாழக்கிழமை வந்துவிடும்.

துலெகென், சுரங்கத்தில் வலது காலை விட்டவர்.
குளிர்கால பூட்ஸ் ஜோடியாக வந்தபோது
படிவத்தில் எழுதினார்:
இடது போதும். வலதை வீணாக்காதீர்கள்.

பழைய அதிகாரி யாராயிருந்தாலும்
சிரித்து ஓரமாக வைத்திருப்பான்.
திட்டம் தேடியது.
இரண்டாயிரம் கிலோமீட்டர் வடக்கே, வோர்குட்டாவில்
அதே நாற்பத்துமூன்றாம் அளவில்
வலது கால் மட்டும் உள்ள ஒருவரைக் கண்டுபிடித்தது.
ஒரு ஜோடி தைத்தது. பிரித்து அனுப்பியது.
ஆறு குளிர்காலம்.
ஆண்டறிக்கையில் ஒரு வரி:
மிச்சமான தோல், எண்ணூறு கிராம்.

ஏழாவது குளிரில் பெட்டிக்குள் இரண்டும் இருந்தன.

வலதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்,
ரொட்டியைப் போல.
"தவறி வந்திருக்கிறது, மகளே."
திரையைத் திறந்தேன்.
முதல் பெறுநர்: தேவை தொடர்கிறது.
இரண்டாம் பெறுநர்: தேவை முடிந்தது.

ஊர் மாறியவருக்கு வேறு சொல் உண்டு,
கால் வீங்கி அளவு மாறியவருக்கும் உண்டு.
இதற்கு இது.

பெயரைக் காட்ட எனக்கு அனுமதி இல்லை.
திரையை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்
தேநீர் போடப் போனேன்.
கெட்டில் கொதித்து அடங்கும்வரை நின்றேன்.
லியோந்தி பஹோமொவ், என்றது பின்னால் ஒரு குரல்,
சுரங்கத்தில் இறங்குமுன் பெயர் கூப்பிடுவதுபோல.

"எந்த வேலை பார்த்தார்?"
தெரியாது.
"எப்படி நடப்பார்?"
அது இருந்தது.
தேய்ந்த பூட்ஸ் திரும்பி வரும்போது திட்டம் அளந்துவைக்கும்:
வெளிக் குதிகால், நான்கு மில்லிமீட்டர்.
"எனக்கும் வெளிக் குதிகால்தான்" என்றார்.

வலதைத் திருப்பித் தரவில்லை.

மாதம் பிறந்தால் எனக்குக் கேள்வி வரும்.
ஒரு பூட்ஸ், வலது, புதியது, வீட்டு எண் அறுபத்தொன்று.
இருப்புக்குக் காரணம்?
தேர்ந்தெடுக்கப் பதினோரு காரணங்கள்.
ஒன்றும் பொருந்தவில்லை.
'பயன்பாட்டில் உள்ளது' என்பதை அழுத்தினேன்.

அது சந்தேகப்படாது. கூட்டிக்கொள்ளும்.
அடுத்த வாரமே காலுறை ஜோடியாக வந்தது.
ஊன்றுகோலுக்கு ரப்பர் வருவது நின்றது.
அவர் கட்டிடத்து லிஃப்ட், பழுது வரிசையில்
நூற்றுநாற்பது இடம் பின்னால் போனது.
இரண்டு கால் உள்ளவருக்கு ஐந்து மாடி பெரிதா என்ன.

மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார்,
மூச்சு வாங்கியபடி.
திருத்திவிடுகிறேன், ஒரு நிமிட வேலை, என்றேன்.
"திருத்தினால் அதை எடுத்துப் போவார்களா?"
போவார்கள். எங்கேயோ ஒருவருக்கு
வலது நாற்பத்துமூன்று தேவைப்படும்.
நான் பொய் சொல்லவில்லை. எங்கேயோ ஒருவர்
இந்தக் குளிரில் காத்திருக்கவும் கூடும்.

கம்பியைப் பிடித்து எழுந்தார்.
"இந்த மார்ச் போகட்டும்."

பையை நான் தூக்கிக்கொண்டேன்.
வாசலில் குனிந்து இடதைக் கழற்றி
வலதுக்குப் பக்கத்தில் வைத்தார்.
பனி ஒன்றிலிருந்து உருகி
இரண்டின் அடியிலும் ஓடியது.